எனக்கு ஓட்டத் தெரியாத கார்கள்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசென்ஸும் கிடையாது. கல்யாணமான புதிதில் ஒருமுறை ஸ்கூட்டர் பழகப் போய், எதிரே வந்த எருமையைப் பார்த்துப் பயந்து இரண்டு கையையும் விட்டுவிட்டேன். அத்தோடு சரி. ஆனாலும் மூன்று வருடங்கள், கார் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்கு எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்த குரல் என்னுடையது. அந்த யூடியூப் சேனலைப் பார்த்தவர்கள் என்னை ‘கார் அக்கா’ என்றார்கள். என் முகத்தை யாரும் பார்த்ததில்லை. திரையில் கார் ஓடும். என் குரல் அதைப் பற்றிப் பேசும்.

நான் திருவண்ணாமலையில் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். கணவருக்குத் தேரடித் தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. அவருடைய தாத்தா காலத்திலிருந்து இருக்கும் கடை. பள்ளி ஆண்டு விழாக்களில் மைக் பிடித்து அறிவிப்பது எப்போதும் நான்தான். அதைக் கேட்டுவிட்டு ஒரு ஜவுளிக் கடைக்காரர் ஆடித் தள்ளுபடிக்கு என்னைப் பேச வைத்துப் பதிவு செய்தார். ஆடி மாதம் முழுக்க ஆட்டோக்களில் என் குரல் ஊரைச் சுற்றியது. நான் புர்கா போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். என் குரலே என்னைக் கடந்து போகும். பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது. அதில் எனக்கு ஒரு ரகசியச் சந்தோஷம் இருந்தது.

அந்த ஆட்டோ விளம்பரத்தைக் கேட்டு, ஜவுளிக் கடையில் விசாரித்துத்தான் ஒரு தம்பி எங்கள் கடைக்கு வந்தான். முப்பது வயதிருக்கும். செல்போன் கடையில் ஏழெட்டு வருடம் விற்பனையாளராக இருந்தவன், அந்த வேலையை விட்டுவிட்டு யூடியூபில் இறங்கியிருந்தான். முதலில் செல்போன்களைப் பற்றி வீடியோ போட்டானாம், எடுபடவில்லை. கார் வீடியோ போடுகிறேன், மைக் முன்னால் எனக்குப் பேச வரவில்லை, திக்குகிறது, ஒரு பெண் குரல் இருந்தால் குடும்பத்தோடு பார்ப்பார்கள் என்றான். கணவர் என்னிடம் கேட்டார். நான் சரியென்பதற்குள் அவரே சொன்னார்: “மூஞ்சி தெரியக் கூடாது. குரல் மட்டும்னா பண்ணிக்க.”

படுக்கையறைதான் எங்கள் ஸ்டூடியோ. ஜன்னலைச் சாத்தி, பீரோ மேல் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, துப்பட்டாவில் சின்ன மைக்கைக் குத்திக்கொண்டு பேசுவேன். பௌர்ணமி அன்று முடியாது. தெருவெல்லாம் ஜனமும் ஒலிபெருக்கியுமாக இருக்கும். அதனால் முதல் நாளே முடித்துவிடுவோம். அவன் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவதை நான் படிப்பேன். டார்க், சஸ்பென்ஷன், கிரவுண்ட் கிளியரன்ஸ் என்று வரும். ஆரம்பத்தில் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டேன்.

“அர்த்தம் தெரியணும்னு இல்லக்கா. தெரிஞ்ச மாதிரி சொன்னா போதும்,” என்றான்.

கிண்டலாகச் சொல்லவில்லை. பாடம் சொல்லிக்கொடுப்பதுபோலப் பொறுமையாகத்தான் சொன்னான். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தான். ஒவ்வொரு காரிலும் ஏதாவது ஒரு சின்னக் குறையைச் சொல்லியே ஆக வேண்டும்; இல்லையென்றால் காசு வாங்கிக்கொண்டு பேசுகிறோம் என்று நினைப்பார்கள். குறை பெரிதாக இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் வைக்கிற இடம் சின்னது, பின்னாடி சார்ஜர் ஒன்றுதான் இருக்கிறது, இப்படி. “ஆனா...” என்று ஆரம்பித்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு அந்தக் குறையைச் சொல்ல வேண்டும். அந்த “ஆனா”வை நான் நன்றாகச் சொல்வேன். அதற்கென்றே சிலர் கமெண்ட் போட்டிருக்கிறார்கள். அக்கா மனசில் பட்டதைச் சொல்றாங்க என்று.

எனக்கு அது பிடித்திருந்தது. அதை மறைத்து இதை எழுத முடியாது. வீட்டில் ஒரு மிக்ஸி வாங்குவதென்றால்கூட என்னை யாரும் கேட்டதில்லை. கணவரும் அவருடைய அண்ணனும் போய் வாங்கி வந்துவிடுவார்கள். இங்கே எங்கெங்கோ இருக்கிறவர்கள், “அக்கா, எங்க வீட்ல ஆறு பேரு, எந்த வண்டி சரியா இருக்கும்?” என்று கேட்டிருப்பார்கள். பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவற்றைப் படிப்பேன். பதிலை அந்தத் தம்பி போடுவான், என் பெயரில் இல்லை, ‘அக்கா’ என்ற பெயரில். நான் நான்கு மாநிலங்களில் கார் ஓட்டியிருப்பதாக ஒருமுறை பதில் போட்டிருந்தான். நான் அதைப் பார்த்தேன். ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்கவில்லை.

அவன் அந்தக் கார்களை எப்படிப் பரிசோதிக்கிறான் என்று எனக்கு முதல் ஒரு வருடம் தெரியாது. ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது செங்கம் ரோட்டில் பார்த்தேன். ஓரத்தில் ஒரு புதுக் காரை நிறுத்தி, துணியால் டயரைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏஜென்சிக்காரர்கள் மூன்று மணி நேரம் கொடுத்திருக்கிறார்களாம். அதில் இரண்டு மணி நேரம் வெளியிலிருந்து படம் எடுக்கவே சரியாகிவிடும். மீதி நேரத்தில் பைபாஸ் வரை ஒரு சுற்று. பின் சீட்டில் முதுகில் மாட்டும் பெரிய பை ஒன்றோடு ஒரு வெளிநாட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஆசிரமத்துக்குப் போகிறவருக்கு லிஃப்ட் கொடுத்து ஏற்றிக்கொண்டு படம் எடுத்தானாம். ஆள் உயரமாக இருக்கிறார், பின் சீட்டில் இடம் எவ்வளவு இருக்கிறது என்று காட்டலாம் அல்லவா என்றான். எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

எங்கள் வரிசையில் நாலு வீடு தள்ளி ஒரு நர்ஸ் குடியிருக்கிறாள். நாங்கள் வேங்கிக்காலில் புதிதாகப் போட்ட மனைகளில் ஒன்றில் வீடு கட்டி வந்திருந்தோம்; அவர்கள் அடுத்த வருடம் வந்தார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஒப்பந்த நர்ஸ். கணவர் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவார். அவளோடு இருந்தவர் அவளுடைய அப்பா. கீழ்பென்னாத்தூர் பக்கத்துக்காரர். முப்பது வருடம் அரசு பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் குழறிப் போயிருந்தது. மகளுக்கே பாதிதான் புரியும்.

வாரத்துக்கு மூன்று நாள் அவரை உடற்பயிற்சி சிகிச்சைக்குக் கூட்டிப்போவாள். ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அவருடைய தம்பி வீட்டுக்கு. எல்லாம் ஆட்டோதான். அவர் ஆட்டோவில் ஏறுவதை நான் மாடியிலிருந்து பார்த்திருக்கிறேன். வலது கையால் கம்பியை இறுகப் பிடித்து, வலது காலை மேலே வைத்து, ஒரே சுழற்சியில் உடம்பை உள்ளே கொண்டுபோய்விடுவார். மகள் இடது காலைத் தூக்கி உள்ளே வைத்தால் போதும். ஆனால் மழை என்றால் நனைவார். வெயிலில் முகம் கறுத்துப்போகும். கீழ்பென்னாத்தூர் போய் வரும் நாளில் இடுப்பு வலிக்கிறதென்று இரண்டு நாள் படுத்துக்கொள்வார். அதனால் அவள் கார் வாங்கத் தீர்மானித்தாள். டியூட்டி முடிந்து வந்து, டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, ஒரே தடவையில் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அவளுடைய துணிச்சலைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

என் குரலை அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். தள்ளுவண்டியில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன். “அரை கிலோ போடுங்க, ஆனா நசுங்கினது வேணாம்,” என்று சொன்னேன். அவள் சட்டென்று திரும்பினாள்.

“அக்கா! நீங்கதானா அது? அந்தக் கார் வீடியோ அக்கா?”

நான் இல்லையென்று சொல்லியிருக்கலாம். சிரித்தேன்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டாள். செல்போனில் ஒரு வீடியோவை எடுத்துக் காட்டினாள். சின்னக் கார், கியர் போட வேண்டாத வகை, பின்பக்கம் கூரை சரிந்து பார்க்க அழகாக இருக்கும். நான் பேசி ஐந்தாறு மாதம் ஆகியிருந்தது. ஒரு இடத்தில் நிறுத்தினாள். அதில் நான் சொல்கிறேன்: “வீட்ல பெரியவங்க இருக்காங்களா? கவலையே வேணாம். தாத்தா பாட்டிகூட சுலபமா ஏறி இறங்கலாம்.”

“இதைக் கேட்டுட்டுதான்கா இந்த வண்டின்னு முடிவு பண்ணேன். வீட்டுக்காரரும் சரின்னுட்டாரு. இருந்தாலும் பக்கத்துலயே நீங்க இருக்கீங்க, நேர்ல ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன். நிஜமாவே அப்பாவுக்குச் சரிப்படுமாக்கா?”

அந்த நிமிடத்தை நான் பலமுறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. என் கணவர் கடையிலிருந்து வரவில்லை. எங்களைத் தவிர யாரும் இல்லை. எனக்குத் தெரியாதும்மா, நான் அந்தக் காரைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்த விதம் எனக்குப் பழக்கமில்லாதது. ஒரு படித்த, வேலைக்குப் போகிற, கார் ஓட்டத் தெரிந்த பெண், முடிவெடுக்க என்னிடம் வந்திருக்கிறாள்.

“நல்லா இருக்கும்மா. தாராளமா வாங்கு,” என்றேன். பிறகு, வீடியோவில் சொல்வதுபோலவே, “ஆனா டிக்கி கொஞ்சம் சின்னது,” என்றேன்.

“டிக்கில நான் இன்னாக்கா வைக்கப் போறேன்,” என்று சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போனாள்.

கார் வந்த நாளில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலை போட்டு, தெருவில் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார்கள். அவள் கணவரும் லீவு போட்டு வந்திருந்தார். நானும் போனேன். அப்பாவைப் பின் சீட்டில் உட்காரவைத்து ஒரு சுற்று போவதாக ஏற்பாடு. புது வேட்டி கட்டிக்கொண்டு, ஷேவ் செய்துகொண்டு வந்து நின்றார்.

அவரால் ஏற முடியவில்லை. பிடித்துக்கொள்ள வலது கை மேலே தேடியது. அங்கே எதுவும் இல்லை. நான் வீடியோவில் எல்லா இடத்திலும் கைப்பிடி இருப்பதாகச் சொல்லியிருந்தேன். அது விலை கூடிய வகையில் மட்டும் வருவது என்று பிறகு தெரிந்தது. கூரை தாழ்வு. குனிந்தால்தான் தலை உள்ளே போகும். அவருக்கு ஒரு பக்கமாகக் குனிய வராது. மருமகன் தலையில் கையை வைத்து அழுத்தினார். நெற்றி கூரை விளிம்பில் இடித்தது. அவரைத் திருப்பி, முதுகு உள்பக்கமாக இருக்கும்படி உட்காரவைக்கலாம் என்று பார்த்தார்கள். சீட் குழிவாகக் கீழே இருந்தது. அவர் உட்காரவில்லை, விழுந்தார். இடது கால் வெளியிலேயே நின்றது. கதவு ஓரத்துக் கட்டைக்கு மேல் அதைத் தூக்கி உள்ளே வைக்க இடம் போதவில்லை. முன் சீட்டில் முயன்றார்கள். அங்கே முழங்கால் முன்னால் இடித்து மடங்காமல் நின்றது.

தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் வியர்வை ஓடியது. கடைசியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு மாதிரி உள்ளே திணித்தார்கள். ஆமாம், திணித்தார்கள், வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கார் தெருமுனை வரை போய்த் திரும்பியது.

இறக்கும்போது நானும் ஒரு கை கொடுத்தேன். அவருடைய உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் கேட்டாள்: “நீங்க பின்னாடி உக்காந்து பாத்தீங்கல்லக்கா? எப்படி ஏறணும்னு ஏதாவது சொல்லுங்களேன்.”

“பழகினா சரியாயிடும்மா,” என்றேன்.

இது இரண்டாவது பொய். முதல் பொய்யைவிட மோசமானது. முதலில் எனக்குத் தெரியாமல் சொன்னேன். இப்போது பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவர்கள் பழகப் பார்த்தார்கள். ஒரு சின்ன மணைப்பலகை வாங்கிக் கீழே வைத்தார்கள். சீட்டில் தலையணை போட்டு உயரம் கூட்டினார்கள். உயரம் கூடியதும் தலை இன்னும் இடித்தது. திங்கள், புதன், வெள்ளி காலையில் அவளும், வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியும், சில நாள் நானும் சேர்ந்து அவரை ஏற்றுவோம். சிகிச்சைக் கூடத்தில் இறக்க வார்டு ஆட்கள் வருவார்கள். ஆட்டோவுக்குத் திரும்பிப் போய்விடலாமே என்று நான் ஒருநாள் மெதுவாகக் கேட்டேன். “வாசல்ல காரை நிறுத்திகினு ஆட்டோவுல போறதா? அவர் வீட்டுக்காரங்க இன்னா பேசுவாங்க?” என்றாள். உடனே, “அப்பாவுக்காகத்தான் வாங்கினேன். அவரே ஏறலன்னா எப்படிக்கா?” என்றாள். 

இரண்டு மாதம் இப்படிப் போயிருக்கும். பள்ளிக்கு விடுமுறையான ஒரு புதன்கிழமை சிகிச்சை முடிந்து திரும்பி வந்தபோது, வீட்டு வாசலில் அவரை இறக்க நானும் அவளும் மட்டும்தான் இருந்தோம். அவர் அவசரமாக ஏதோ சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. இழுத்தோம், வரவில்லை. திரும்பவும் இழுத்தோம். அப்போது சீட்டிலேயே அவருக்குச் சிறுநீர் போய்விட்டது. அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். வலது கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் வேறு பக்கம் திரும்பி நின்றேன். அவள் ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிறவள்தான். ஒன்றுமே ஆகாததுபோல, “பரவால்லப்பா, பரவால்ல, நான் இருக்கேன்ல,” என்று சொல்லிக்கொண்டே துடைத்தாள்.

அதற்குப் பிறகு அவர் வெளியே வர மறுத்துவிட்டார். காரில் மட்டுமல்ல, ஆட்டோவைக் கூப்பிட்டு வந்து நிறுத்தியும் வரவில்லை. கட்டிலைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருப்பார். கீழ்பென்னாத்தூர் போவது நின்றது. சிகிச்சைக்குப் போவதும் நின்றது. பயிற்சிகளை வீட்டிலேயே அவள் செய்துவிட்டாள். ஆனால் டியூட்டி முடிந்து வருகிறவளுக்கு எவ்வளவு தெம்பு இருக்கும்? இடது கை விரல்கள் மெல்ல உள்ளே மடங்கிக்கொண்டன.

நான் சொல்லிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி எடுத்துக்கொண்டு போனபோது, பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டே சொன்னேன்.

“எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதும்மா. அந்தக் காரை நான் பாத்ததே இல்ல. உன் வீட்டு வாசல்லதான் மொதமொதல்ல பாத்தேன்.”

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அப்ப பெரியவங்க சுலபமா ஏறலாம்னு உங்களுக்கு யாருக்கா சொன்னது?”

“அந்தத் தம்பி எழுதிக் குடுத்தான்.”

“அவருக்கு யார் சொன்னது?”

“தெரியல.”

“யாராவது வயசானவங்களை ஏத்திப் பாத்தாங்களா?”

ஆசிரமத்துக்குப் போன அந்த வெளிநாட்டுக்காரரை நினைத்தேன். இல்லை என்று தலையாட்டினேன்.

அப்போதுதான் அவள் இன்னொன்றைச் சொன்னாள். ஷோரூமுக்குப் போன அன்று அப்பாவையும் கூட்டிப்போயிருந்தாளாம். இறக்கி ஏற்றுவது சிரமம் என்று அவரை வாசலில் ஆட்டோவிலேயே உட்காரவைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். கண்ணாடி வழியாக அவர் அந்தக் காரைப் பார்த்திருக்கிறார். வலது கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்று காட்டியிருக்கிறார். “செலவு வேணாம்னு சொல்றார்னு நெனச்சேன்கா. அப்பா எப்பவும் அப்படித்தான். அதனால கண்டுக்கல.” முப்பது வருடம் வண்டியில் ஜனங்களை ஏற்றி இறக்கியவர். நாளெல்லாம் நோயாளிகளைத் தூக்கி இறக்குகிறவள் அவள். அந்தக் கதவைப் பற்றிச் சொல்ல ஊரில் யாருக்காவது தகுதி இருந்ததென்றால் அது அந்த இரண்டு பேருக்கும்தான். இரண்டு பேரும் என் பேச்சைக் கேட்க வேண்டி வந்தது.

“போங்கக்கா. நான் ஒண்ணும் நெனைக்கல,” என்றாள். நினைத்தாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன். அந்த வீடியோவை எடுத்துவிடு, இல்லையென்றால் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று ஒரு வீடியோ போடலாம், நான் பேசுகிறேன் என்றேன். அவன் கேட்டுக்கொண்டான். எங்கள் கூடத்தில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

“நாம பொய் சொல்லலக்கா. நமக்குத் தெரியல, அவ்ளோதான். அந்த லைன் ஏஜென்சில குடுத்த நோட்டீஸ்ல இருந்துது. அப்படியே போட்டேன்.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லலாமில்ல?”

“தெரியலன்னு சொல்ற வீடியோவை யார்க்கா பாப்பாங்க?” என்றான். பிறகு குனிந்துகொண்டு சொன்னான்: “போன்னா எனக்கு உள்ள வெளிய எல்லாம் தெரியும். கழட்டி மாட்டுவேன். அதைச் சொன்னேன், ஒருத்தனும் பாக்கல. காரைப் பத்தி ஒண்ணும் தெரியாது. அதைத்தான் பாக்கறாங்க. நான் இன்னாக்கா பண்றது?”

அவன்மேல் எனக்கு முழுக்கக் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. திருத்தம் போட்டால் ஏஜென்சிக்காரர்கள் அடுத்த கார் கொடுக்க மாட்டார்கள், சேனல் நின்றுவிடும் என்றான். இனிமேல் நான் பேச மாட்டேன் என்று சொன்னேன். அவன் எழுந்து, “சரிக்கா, உங்க இஷ்டம்,” என்று கும்பிட்டுவிட்டுப் போனான்.

அந்த வீடியோவின் கீழே நானே ஒரு கமெண்ட் போட்டேன். என் மகளின் போனை வாங்கி வைத்துக்கொண்டு, நான்கு முறை திருத்தி எழுதினேன். ‘இந்த வீடியோவில் பேசுவது நான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்தக் காரில் வயதானவர்கள், கை கால் வராதவர்கள் ஏறுவது மிகவும் சிரமம். வாங்கும் முன் அவர்களை உட்காரவைத்துப் பாருங்கள்.’ ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. சிரிக்கிற பொம்மைகள். ‘போட்டிக் கம்பெனி எவ்ளோ குடுத்தான்?’ என்று ஒருவர். ‘எங்க அக்கா பேர்ல ஃபேக் ஐடியா? அக்கா எப்படிப் பேசுவாங்கன்னு எங்களுக்குத் தெரியும்,’ என்று இன்னொருவர். அவர் மூன்று வருடமாக எல்லா வீடியோவுக்கும் கமெண்ட் போடுகிறவர். அவருடைய பெயரைப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷம் வரும். அடுத்த நாள் பார்த்தபோது என் கமெண்டைக் காணவில்லை.

நான்கு மாதம் கழித்து, அதே தள்ளுவண்டிப் பக்கத்தில் நர்ஸைப் பார்த்தேன். இப்போதெல்லாம் நாங்கள் பார்த்தால் சிரித்துக்கொள்வதோடு சரி. அவள் கீரைக் கட்டை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்க போலருக்கு?”

எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து அந்தச் சேனலைத் திறந்தேன். ஏழெட்டு புது வீடியோக்கள். எல்லாவற்றிலும் நான் பேசிக்கொண்டிருந்தேன். நான் பெயர்கூடக் கேட்டிராத ஒரு பேட்டரி காரைப் பற்றி, அது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் போகும், குழந்தைகளுக்கு எவ்வளவு பாதுகாப்பு என்று, என் குரலில், என் நிதானத்தில். “ஆனா...” என்று சொல்லி மூச்சு விடுவதுகூட அப்படியே இருந்தது. என் மகள் கேட்டுவிட்டு, “நீ எப்பம்மா இதைப் பேசின?” என்றாள்.

அவனைப் போனில் பிடித்தேன். கம்ப்யூட்டரில் போட்டால் அதுவே பேசுமாம். மூன்று வருடப் பதிவு அவனிடம் இருக்கிறது. அதில் கால்வாசியே போதுமாம்.

“அது என் குரல், தம்பி.”

“உங்க குரல்தான்கா. ஆனா பேசினது நீங்க இல்லல்ல? அப்புறம் உங்களுக்கு இன்னா பாரம்? நிம்மதியா இருங்க.”

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான்.

கணவரிடம் போலீஸில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன். கடையில் ஒரு மூக்குக் கண்ணாடியின் திருகை முடுக்கிக்கொண்டிருந்தவர், நிமிராமல் சொன்னார்: “இன்னான்னு எழுதுவ? என் குரல் காணோம்னா? மூணு வருஷம் ஒக்காந்து பேசிட்டு இப்ப போய் நின்னா நம்மளைத்தான் சிரிப்பாங்க.” நான் ஸ்டேஷன் வாசல் வரை ஒருநாள் தனியாகப் போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தேன். ஒரு அம்மாள் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

நர்ஸிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். கார் வாசலில் நின்றது. அதில் அவள் தனியாக டியூட்டிக்குப் போய் வருகிறாள். “வீணாப் போகலக்கா, எனக்கு உபயோகமாத்தான் இருக்கு,” என்று ஒருமுறை யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டிருக்கிறேன். உள்ளே அவர் கூடத்துக் கட்டிலில் டிவியைப் பார்த்துப் படுத்திருந்தார். பாதியாகிவிட்டார். நான் சலாம் வைத்ததற்குக் கண்ணை மட்டும் மூடித் திறந்தார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டர் பேசுகிறது, நான் இல்லை, நான் நிறுத்திவிட்டேன் என்று. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். “அப்படியாக்கா,” என்றாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்த வீட்டில் எதுவும் மாறப்போவதில்லை.

பிறகு அவள் கையைத் துடைத்துக்கொண்டு, போனை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

“அப்பாவுக்கு வீல் சேர் ஒண்ணு வாங்கணும். ரெண்டு பாத்து வச்சிருக்கேன்.”

வீடியோ ஓடியது. எங்கோ ஒரு பெரிய நகரத்தின் மொட்டை மாடி. ஆரோக்கியமான ஒரு இளைஞன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் சக்கரத்தைத் தள்ளி வட்டமடித்துக் காட்டினான். எழுந்து நின்று மடித்தான். திரும்ப விரித்து உட்கார்ந்தான். ரொம்ப வசதியாக இருக்கிறது, வீட்டில் முடியாதவர்கள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்றான். கை வைக்கிற இடத்தில் துணி கொஞ்சம் மெல்லிசு என்று ஒரு குறையும் சொன்னான்.

“இவனுக்கு இன்னாம்மா தெரியும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் தெரியாது,” என்றாள். “கடைக்காரருக்கும் தெரியாது, விக்கணும் அவருக்கு. ஆஸ்பத்திரில இருக்கறது வேற மாதிரி, அது இந்த வாசப்படில நுழையாது. யாரைக்கா கேக்கறது? நீங்களே சொல்லுங்க.”

 கட்டிலில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் என்ன ஓடுகிறது என்று கவனித்ததாகத் தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த வீடியோவை முடிவு வரை பார்த்தோம். அடுத்ததையும் பார்த்தோம். முதலில் காட்டியதையே அவள் ஆர்டர் போட்டாள். நான்கு நாளில் வரும் என்று செய்தி வந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மிச்சமிருந்த வெங்காயத்தை உரிக்க ஆரம்பித்தாள்.